கிச்சாப்பைக் கொண்டுபோன காலையில் உன் மெர்சி

ஜோசுவா,

நேற்று நீ போனை வைத்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கோபம் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். "கல்யாணம் முடிஞ்சதும் ஷா ஆலாம் வந்துடுங்கம்மா. இந்த வயசுல மோட்டார்ல வீடு வீடா போயி நாயையும் பூனையையும் குளிப்பாட்டிக்கிட்டு இருக்க வேணாம் லா" என்று நீ சொன்னது அக்கறையில் சொன்னதுதான். நானும் "பாக்கலாம்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனதுக்குள் ஒரே பரபரப்பு. உன்னிடம் சொல்ல வேண்டியது அவ்வளவு சேர்ந்து கிடக்கிறது. போனில் பேசினால் நீ அலுவலகத்தில் இருப்பாய், யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் இன்றைக்கு எந்த வேலையும் ஒப்புக்கொள்ளாமல், காலையிலேயே காப்பி கலக்கி வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் எனக்கு ஒன்று நடந்தது. என் வேலையில் இப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், அந்த நாளில் நீ கட்டிக்கொள்ளப் போகிற மெர்சியும் என்னோடு இருந்தாள். அவளிடம் கேட்டு, அவள் "சொல்லுங்க அத்தே" என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

இந்த வேலை எப்படித் தொடங்கியது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். மிருக டாக்டர் தன் கிளினிக்கை மூடிவிட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போன பிறகு நான் வீட்டில் இருந்தேன். நீ போன் செய்யும்போதெல்லாம் "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்பாய். எடுத்தேன். செமோர் சந்தைக்குப் போனேன், தேவாலயத்தில் பூ அடுக்கினேன், மதியம் தூங்கினேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. ரப்பர் தோட்டத்தை விற்று எல்லாரையும் வெளியே அனுப்பிய சமயத்தில் அந்தக் கிளினிக்கில் தரை துடைக்கச் சேர்ந்தவள் நான். பயந்த நாய்கள் என் கையில் அடங்குவதைப் பார்த்து, ஊசி போடும்போது பிடித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். பிறகு இரத்தம் எடுக்க, எக்ஸ்ரே எடுக்க, மயக்கத்தில் இருக்கும் பிராணியின் மூச்சைக் கவனிக்க என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். வகுப்புக்கும் அனுப்பினார். வெட்டரினரி டெக்னீஷியன் என்று என் சட்டையில் எழுதிக்கொண்ட நாளில் உங்கப்பா எனக்கு மீ கோரேங் வாங்கித் தந்தது உனக்கு நினைவிருக்கலாம். அப்படி ஓடிய ஓட்டம் நின்றபோது, நான் ஓய்வெடுப்பதாக உனக்குத் தோன்றியது. எனக்கோ வேலைக்குப் போக மறந்துவிட்ட மாதிரியே இருந்தது. அந்தச் சமயத்தில் பழைய வாடிக்கையாளர் ஒருவர், பெர்ச்சாமில் இருக்கும் சீனப் பெண்மணி, போன் செய்தார். அவருடைய பூடில் நாயை முடி வெட்டும் கடைக்குக் கொண்டுபோனால் நடுங்குகிறதாம், கடிக்கிறதாம், அங்கேயே சிறுநீர் கழித்துவிடுகிறதாம். வீட்டுக்கு வந்து வெட்ட முடியுமா என்று கேட்டார். கத்தரி, சீப்பு, நகவெட்டி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்த நாயைக் குட்டியாக இருந்தபோதிலிருந்து எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிளினிக் மேசையில் அது எப்போதும் வாலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கும். வீட்டில் அது என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் வீட்டுக்காரரின் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பால்கனியில் ஒரு துண்டை விரித்து, அவர் வழக்கமாகக் கேட்கும் கன்டோனிஸ் வானொலியைச் சன்னமாக வைக்கச் சொல்லி, உட்கார்ந்து வெட்டினேன். நடுவில் அது என் மடியில் தலையை வைத்துத் தூங்கியே போனது. இத்தனை காலம் நான் பார்த்ததெல்லாம் இந்த உயிர்களின் பயத்தைத்தான், அவற்றின் குணத்தை நான் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன் என்று அன்றைக்குப் புரிந்தது. திரும்பி வரும்போது மோட்டாரில் ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டே வந்தேன். சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்ற ஆள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு வீடு இன்னொரு வீட்டைச் சொன்னது. நாம் பால் வெட்டிய மரங்கள் நின்ற இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள், அந்த வீடுகளில் ஹஸ்கி நாய்கள். பனியில் ஓட வேண்டிய நாய், ஈப்போ வெயிலில் ஏர்கண்டிஷனுக்குக் கீழே மல்லாக்கப் படுத்திருக்கும். அதற்கு முடி சீவினால் ஒரு தலையணைக்குப் பஞ்சு கிடைக்கும். சிக்கு விழுந்த முடியைப் பிடிக்கும்போதெல்லாம் உங்கப்பாவை நினைத்துக்கொள்வேன். ஒரு முறை பூனை கடித்து என் வலது கை வீங்கி, கட்டுப் போட்டிருந்தேன். நீ சின்னவன். தினமும் காலையில் அவர்தான் எனக்குத் தலை சீவிவிட்டார். லாரியில் சரக்குக் கட்டுகிற கயிற்றின் சிக்கை எடுத்துப் பழகிய மனிதர். அடிமுடியில் சீப்பை வைக்கவே மாட்டார். நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவார். ஒரு நாளும் எனக்கு வலித்ததில்லை. நீயும் மெர்சியும் ஒரே வீட்டில் இருக்கப் போகிறீர்கள். சண்டை வரும், வராமல் இருக்காது. அப்போது அவளுடைய குணம், அவளுடைய குடும்பம் என்று வேரிலிருந்து ஆரம்பிக்காதே. அன்றைக்கு நடந்த சின்ன விஷயம் எதுவோ அதை மட்டும் எடுத்துப் பேசு. அது சரியாகிவிட்டால் மேலே இருக்கும் முக்கால்வாசி தானாக இளகிவிடும்.

சரி, மைமூனா லாத்தா விஷயத்துக்கு வருகிறேன். ஈப்போவில் ஹாஜா அண்ணே வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு நீ சின்ன வயதில் வந்திருக்கிறாய். அவருடைய மனைவிதான் மைமூனா லாத்தா; அவர்கள் அக்காவை லாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். பிள்ளைகளெல்லாம் கோலாலம்பூரில். வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு கறுப்புப் பூனையும். கடையின் பின்பக்கம் கிச்சாப் என்கிற சோயா சாஸ் பாட்டில் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவில் குட்டியாகக் கிடந்ததாம். அந்தக் கருஞ்சாறு மாதிரியே நிறமும் இருந்ததால் கிச்சாப் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். லாத்தாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்து படுத்திருந்த காலத்தில் அது அவருடைய காலடியை விட்டு நகரவில்லையாம். அதிலிருந்து இரண்டும் பிரிந்ததில்லை. மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக வேண்டும் என்று ஹாஜா அண்ணே ஒவ்வொரு முறை பேச்செடுக்கும்போதும் லாத்தா ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டார். என்னைக் கூப்பிட்டு அனுப்பியது அண்ணேதான். நான் போய் உட்கார்ந்ததும், "இவளுக்கு மக்கா போக விசா கெடச்சிருச்சு. பூனைக்கிட்டதான் இன்னும் பர்மிஷன் கெடைக்கல" என்றார்.

லாத்தா சிரிக்கவில்லை. "நான் இல்லாம அது சாப்பிடாதும்மா. கூண்டுல கொண்டு போயி விட்டா செத்துப் போயிடும்" என்றார்.

"கூண்டெல்லாம் வேணாம் லாத்தா. நான் இங்கயே வந்து தங்கிக்கிறேன். அது அது வீட்டுலயே இருக்கட்டும்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். பழைய கடித்தழும்பை விரலால் தடவினார். "இது யாரு?" என்று கேட்டார். "அதுவும் ஒரு பூனைதான். பாவம், அன்னிக்கு அதுக்கு வலி" என்றேன். அவர் எழுந்து போய் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவர்கள் ஊரில் இல்லாத அந்த நாட்களில் நான் நாய் வேலை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் தொழுகிற வீடு, நாய் முடி ஒட்டிய துணியோடு அங்கே போகக் கூடாது. அவர்கள் கேட்கவில்லை, எனக்கே அப்படித் தோன்றியது. கிச்சாப் ஆரம்பத்தில் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு கண்கள் மட்டும் தெரியும். நான் குனிந்து கூப்பிடவில்லை. அதன் தட்டில் சாப்பாடு வைப்பேன், மணல் தட்டைச் சுத்தம் செய்வேன், பிறகு அந்த அறையின் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நாளிதழைச் சத்தமாகப் படிப்பேன். அதன் பக்கம் திரும்பவே மாட்டேன். மரண அறிவிப்பு, கோழி விலை, பந்து விளையாட்டு எல்லாவற்றையும் அது கட்டிலுக்கு அடியில் இருந்தே கேட்டது. லாத்தா மக்காவில் இருந்து தினமும் போன் செய்வார். போனைத் தரையில் வைத்துவிடுவேன். "கிச்சாப், சாப்டியாடா?" என்று அந்தக் குரல் வரும்போது அதன் காது மட்டும் இந்தப் பக்கம் திரும்பும். அப்படியே மெல்ல மெல்ல ஒரு பிற்பகலில் அது வெளியே வந்து, நான் படித்துக்கொண்டிருந்த தாளின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. எனக்கு அந்த நிமிடம் எப்படி இருந்தது தெரியுமா? நீ முதன்முதலில் சைக்கிளில் விழாமல் வீதி முனை வரை போனாயே, அப்படி இருந்தது. அப்போது நான் மெர்சியை நினைத்தேன். புது வீடு, புது மனிதர்கள், அவள் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கலாம். என்ன ஆச்சு, ஏன் பேச மாட்டேங்கற என்று நச்சரிக்காதே. நீ உன் பாட்டுக்குப் பக்கத்தில் இரு. அவளே வருவாள்.

அந்தக் காலை ஒரு வேலைநாள். எழுந்து வந்து பார்க்கிறேன், சாப்பாடு அப்படியே இருக்கிறது. கிச்சாப் மணல் தட்டில் குனிந்து உட்கார்ந்திருக்கிறது. வெளியே வந்தது, இரண்டடி நடந்தது, மறுபடியும் தட்டுக்குப் போனது. மணலில் ஈரமே இல்லை. தொண்டைக்குள் இருந்து ஒரு முனகல். நான் அதைத் தூக்கி, வயிற்றுக்கு அடியில் விரலை மெதுவாக வைத்துப் பார்த்தேன். சிறுநீர்ப்பை கொய்யாக்காய் மாதிரி கெட்டியாக இருந்தது. ஆண் பூனைகளுக்கு வருவதுதான், சிறுநீர் வரும் வழி அடைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் இல்லாத ஏக்கத்தில்கூட வரும். அழுத்தி எடுக்கலாம் என்று யாராவது முயன்றால் பை உள்ளேயே கிழிந்துவிடும். சும்மா விட்டால் வெளியே போக வேண்டியதெல்லாம் இரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். வீட்டில் என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. டாக்டரிடம் போக வேண்டும், உடனே போக வேண்டும்.

மோட்டாரில் கூண்டை வைத்து ஓட்ட முடியாது. வாடகைக் காருக்குப் பதிவு செய்தேன். பூனை என்று சொன்னதும் அந்த ஓட்டுநர் வர முடியாது என்றுவிட்டார். அடுத்தவரும் அப்படித்தான். கிச்சாப் வாந்தி எடுத்தது. அப்போது ஈப்போவில் கார் வைத்திருக்கும் ஆள் யார் என்று யோசித்தபோது எனக்கு மெர்சியின் முகம்தான் வந்தது. அவள் வங்கிக்குக் கிளம்பும் நேரம். அவளுக்குப் பூனை என்றால் பயம் என்பது எனக்கு அப்போது தெரியாது. விஷயத்தைச் சொன்னேன். "அட்ரஸ் அனுப்புங்க அத்தே. நான் வாரேன்" என்றாள், அவ்வளவுதான். வங்கிச் சீருடையிலேயே வந்து நின்றாள். "வேலைக்கு லேட் ஆகாதாம்மா?" என்று கேட்டதற்கு, "எமர்ஜென்சி லீவு போட்டுட்டேன். ஏறுங்க" என்றாள்.

பின்சீட்டில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணாடி வழியாகவே திரும்பத் திரும்பப் பார்த்தாள். "அத்தே, அது என்னைப் பாக்குதா?" என்றாள். "இல்லம்மா. அதுக்கு இப்ப யாரையும் பாக்கத் தெம்பு இல்ல" என்றேன். "எனக்குச் சின்னதுல இருந்தே பூனைன்னா பயம் அத்தே. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு குழியைத் தவிர்த்து, லாரியைத் தாண்டி, சீராக ஓட்டினாள். கிச்சாப் மறுபடியும் வாந்தி எடுத்தது, கூண்டுக்கு வெளியே, அவளுடைய புது சீட்டில். நான் துடைக்கத் துணி தேடினேன். "தாப்பா லா அத்தே, பரவால்ல, கழுவிக்கலாம். நீங்க அதைப் பாருங்க" என்றாள்.

கிளினிக்கில் இருந்தது இளம் மலாய் டாக்டர். நல்ல பெண். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், இரத்தம் எடுத்துப் பார்த்தார், மறைக்காமல் சொன்னார். மயக்கம் கொடுத்துக் குழாய் போட வேண்டும், இரத்தம் ஏற்கெனவே கெட்டிருப்பதால் மயக்கத்திலேயே போய்விடவும் கூடும், வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அங்கே மக்காவில் அப்போது விடியவில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனசுக்குள் ஒரு குரல், சொல்லாதே, நீயே கையெழுத்துப் போட்டுவிடு, அவர் நிம்மதியாகத் தொழட்டும், நல்லபடியாக முடிந்தால் திரும்பி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றது. நல்லபடியாக முடியாவிட்டால்? தன் பூனை சாகக் கிடந்த நேரத்தில் தனக்குத் தெரியாமல் வைத்திருந்தேன் என்று அவர் வாழ்நாள் முழுவதும் நினைப்பாரே. அவர் உயிராக நினைக்கிற பூனையைப் பற்றிய சேதியை அவரிடம் மறைக்க நான் யார்? அழைத்துவிட்டேன்.

அவர் விழித்துத்தான் இருந்தார். பள்ளிவாசலுக்கு நடந்துகொண்டிருந்தார், சுற்றிலும் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. "லாத்தா, கொஞ்சம் நில்லுங்க. கிச்சாப்புக்கு ஒடம்பு சரியில்ல" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஆபத்தையும் சொன்னேன். பிறகு, "நீ அது பக்கத்துல இருக்கியாம்மா?" என்றார்.

"கைய அது மேலதான் வச்சிருக்கேன் லாத்தா."

"அப்ப நீ கையெழுத்துப் போடு. அல்லாகிட்ட என்ன கேக்கணும்னு தெரியாமத்தான் நடந்துக்கிட்டு இருந்தேன். இப்ப உள்ள போயி இதைக் கேக்கறேன்."

நான் கையெழுத்துப் போட்டேன். அன்று காலை டாக்டருக்கு உதவியாளர் ஒருவர் வரவில்லை. நான் இந்த வேலையில்தான் இருந்தேன் என்று சொன்னதும், "அக்கா, உள்ளே வந்து உதவ முடியுமா?" என்று மலாயில் கேட்டார். ஜோசுவா, கையைக் கழுவி, கையுறை போட்டு, அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது என் பயமெல்லாம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. கிச்சாப்பின் நெஞ்சில் விரலை வைத்துத் துடிப்பைக் கவனித்தேன். ஓரிடத்தில் அது தடுமாறியது. டாக்டரிடம் சொன்னேன், அவர் மருந்து கொடுத்தார், துடிப்பு திரும்பவும் சீரானது. குழாய் முதலில் போகவில்லை. அவர் நெற்றியில் வியர்வை. மறுபடியும் முயன்றார். நான் பூனையின் இடுப்பைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தேன். திடீரென்று அடைப்பு விலகி, இரத்தம் கலந்த சிறுநீர் தட்டில் சளசளவென்று விழுந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். சிறுநீர் விழும் சத்தத்துக்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற வேலை வேறு எங்கே இருக்கிறது, சொல்லு.

வெளியே வந்தேன். மெர்சி கதவுக் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "பொழச்சிரும்னு டாக்டர் சொல்றாங்க" என்றேன். அவள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். பூனைக்குப் பயந்த பெண், பூனைக்காக அழுதாள். அவளே போய் எனக்கு மைலோ வாங்கிக்கொண்டு வந்தாள். நான் குடித்து முடித்ததும், "அத்தே, ஒண்ணு கேக்கலாமா? ஜோசுவா எங்க வீட்டுல, நீங்க கிளினிக்ல கவுண்டர்ல ஒக்காந்து கணக்குப் பாத்தீங்கன்னு சொல்லியிருக்காரு" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? "எனக்குக் கூட்டல் கழித்தலே சரியா வராதும்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு அவள், "ஏன் அத்தே அப்படிச் சொன்னாரு?" என்று கேட்டாள். அதில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் உன் பள்ளிச் சீருடையையும் என் கிளினிக் துணியையும் ஒன்றாகத்தான் ஊறவைப்பேன். உன் பக்கத்தில் உட்கார்ந்த பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தான். நீ வீட்டுக்கு வந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், உன் சட்டையை நீயே இன்னொரு முறை துவைத்துக் காயப்போட்டாய். நான் கொடிப்பக்கம் வந்தபோது நீ வாளியை மறைத்துக்கொண்டு நின்றாய். அதை மெர்சியிடம் சொன்னேன். அவள் தன் சட்டைக் கையை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். "இப்ப என் மேலயும் அந்த வாசந்தான் அத்தே" என்றாள்.

இதற்காகத்தான் இந்தக் கடிதம், ஜோசுவா. நீ சொன்ன பொய் எனக்கு வலிக்கவில்லை. அந்த வாளியை நான் பார்த்தவள். உனக்கு எது பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் மெர்சிக்கு எல்லாம் தெரியும், தெரியும் என்பது உனக்கு மட்டும் தெரியாது என்கிற நிலையில் நீங்கள் இருவரும் தேவாலயத்தில் போய் நிற்கக் கூடாது. அவள் இன்னும் தன் வீட்டில் சொல்லவில்லை. நீ வந்து சொல்வாய் என்று காத்திருக்கிறாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடு. லாத்தாவிடம் அன்றைக்கு நான் பேசிய மாதிரி, ஆபத்தையும் சேர்த்துச் சொல். கேட்கிறவர்கள் நாம் நினைப்பதைவிடத் தாங்குவார்கள். நமக்குத்தான் அது முன்கூட்டித் தெரிவதில்லை.

கிச்சாப் சில நாள் கிளினிக்கில் குழாயோடு இருந்தது. நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், வங்கி முடிந்ததும் மெர்சியும் வந்தாள். முதலில் கதவருகே நின்றாள், பிறகு நாற்காலியில், பிறகு கூண்டின் கம்பிக்குள் ஒரு விரல். லாத்தாவும் அண்ணேயும் திரும்பி வந்த அன்று நான் பூனையைக் குளிப்பாட்டவில்லை, உடம்பு தேறவில்லை என்பதால் ஈரத்துணியால் துடைத்து, மெல்லச் சீவி, பளபளவென்று வைத்திருந்தேன். லாத்தா வாசலிலேயே "கிச்சாப்" என்று கூப்பிட்டார். அது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு என் மடியில் வந்து உட்கார்ந்தது. "மக்காவுல இருந்து வந்தவளுக்கு இதுதான் மரியாதையா?" என்று லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கோவம் லாத்தா. விட்டுட்டுப் போனீங்கல்ல" என்றேன். நாங்கள் பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது எழுந்து போய், லாத்தா திறந்து வைத்திருந்த பெட்டிக்குள் அவருடைய துணிகளை முகர்ந்து முகர்ந்து பார்த்து, நடுவில் சுருண்டு படுத்துக்கொண்டது. சாயங்காலம் வரை அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஹாஜா அண்ணே கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். எனக்குப் போன் நிற்கவில்லை. புந்தோங்கில் ஒரு வீட்டில் நடக்க முடியாத கிழட்டு நாய், அதற்கு வீட்டிலேயே புண் கழுவ வேண்டும். தஞ்சோங் ரம்புத்தானில் வேலை செய்யும் ஒரு நர்ஸ், இரவு முறை வரும்போதெல்லாம் தன் பூனைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். மெர்சி எனக்குப் பெயரட்டை அச்சடித்துக் கொடுத்திருக்கிறாள். என் பெயருக்குக் கீழே வெட்டரினரி டெக்னீஷியன் என்றும், அதற்குக் கீழே, உங்கள் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வேன் என்றும் போட்டிருக்கிறாள். நான் அதை மேசையில் வைத்து வைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில் இது. ஷா ஆலாமுக்கு வருவேன். நீங்கள் கூப்பிடும்போது வருவேன், யாருக்காவது காய்ச்சல் என்றால் வருவேன், பிள்ளை பிறந்தால் பையோடு வந்து தங்குவேன். நிரந்தரமாக வர மாட்டேன். எனக்கு வயதாகிறது என்பது உண்மைதான். குனிந்து நிமிர்ந்தால் முதுகு சொல்கிறது. அதற்காக மோட்டாரை விட்டுவிட்டுச் சின்னதாக ஒரு கார் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். ஓட்டக் கற்றுத் தருவதாக மெர்சி சொல்கிறாள். நீ கற்றுக்கொடுத்தால் கத்துவாய், அவளே போதும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவேன். முடிந்த மறுநாள் என்னைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிடு. பாரிட் புந்தாரில் ஒரு நெல் ஆலைக்காரர் குடும்பத்தோடு தைவான் போகிறார், அவர் வீட்டுக் கிளியை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடத்தில் கிளியோடு தங்கப் போவது இதுதான் முதல் முறை. அது நன்றாகப் பேசுமாம், ஆனால் ஹொக்கியன் மட்டும்தான் பேசுமாம். கிளினிக்கில் பழகியதால் எனக்குக் கன்டோனிஸ் வரும், ஹொக்கியன் ஒரு வார்த்தை வராது. பக்கத்து வீட்டுக் கிழவரிடம் நேற்றிலிருந்து பாடம் கேட்க ஆரம்பித்துவிட்டேன். "சாப்பிட்டாயா?" என்று கேட்க வந்துவிட்டது. அது திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்பதை இன்று சாயங்காலம் கற்றுக்கொள்ளப் போகிறேன்.

அம்மா